நாயகியின் காப்புரை

மழைக்காலத்தின் கடைக்கூறு அது. ஐப்பசியில் இடியோடும் மின்னலோடும் முழங்கி வந்த மேகங்கள் கார்த்திகை பிறந்ததும் குரலடங்கி, பாரம் சுமந்த களிறுகள்போல் கீழ்வானில் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. கடலும் கரையும் ஒரே சாம்பல் நிறம் பூண்டன. பகலிலேயே விளக்கேற்றிக்கொண்ட ஊர், வரவிருக்கும் ஏதோவொரு செய்திக்கு அஞ்சியதுபோல் வாய்மூடிக் கிடந்தது.

கடல் ஊருக்குள் ஏறியபின் மேட்டில் எழுப்பிய வடகரைத் துறையின் மொழிக்கூடத்தில், தையல்நாயகி அன்றைய மொழிகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஏற்றிக்கொண்டது கொரியம்; நண்பகலுக்குமேல் போர்த்துக்கீசியம். காதின் பின்னே ஒட்டிய மெல்லிய தகட்டுக்கு மொழிப்பதியம் என்று பெயர். ஊழியர் வாயில் அது வெறும் 'கிராஃப்ட்', அதாவது ஒட்டு. அரைமணி நேரத்தில் ஒரு மொழி நாவேறும். இறக்கினால் சுவடின்றிப் போகும்.

எந்திரக் குரலின் இனிய சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள் கரை காணாத காலம் ஒன்று இருந்தது. அதன்பின் கடலில் அலைவோர், மனித வாய் தம் மொழியில், தம் கண்ணெதிரே சொன்னாலன்றி எதையும் நம்பியதில்லை. அப்படிச் சொல்வதே நாயகியின் தொழில்.

பதியத்துக்கும் ஒரு விதி உண்டு. அந்நிய மொழி தனித்து நிற்காது; கொழுகொம்பில் கொடிபோலத் தாய்மொழியின்மேல் படரும். இறக்கும்போது கொம்பின் பட்டையும் சிறிது உரியும். ஆகவே மாலைதோறும் ஒவ்வோர் ஊழியரும் தாய்மொழியில் சிறிது பேசிக் காட்டவேண்டும். அதுதான் காப்புரை. ஒப்பாய்வுக் கருவி பழுதில்லையெனக் கண்டால் பச்சை விளக்கு எரியும். காப்புரையை மாதம் ஒருமுறை மாற்றவேண்டுமென்பது சட்டம். ஒருவர் மீன்குழம்பு வைக்கும் முறையைச் சொல்வார். ஒருவர் மாமியார் சண்டையைச் சொல்வார். நாயகி மட்டும், ஐந்து வயதில் ஓதக் கற்ற பதிகத்தையே ஓராண்டாக ஓதிவந்தாள். வேலை முடிந்ததும் இறைவன் பெயரைச் சொல்வதில் என்ன பிழை என்று எண்ணினாள். சோதிப்பவளான சபுராவும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அன்றும் பதினொரு பாட்டும் வழுவாமல் வந்தன. பச்சை எரிந்தது.

"ஒன் தொண்டைக்கு நான் அடிமைடி," என்றாள் சபுரா. "ஆமா, அந்த மூணாவது பாட்டுல உருகி உருகி ஓதுறியே, அதுக்கு என்னதான் அர்த்தம்? இன்னிக்காவது சொல்லு."

நாயகி சிரித்துக்கொண்டே வாய்திறந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. பாட்டு இருந்தது, பாட்டுக்குள் ஒன்றுமில்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தாள். எந்தச் சொல்லும் திறக்கவில்லை.

"சபுராக்கா… எனக்குத் தெரியல."

"வெளையாடாத."

"தெரியலக்கா."

சபுராவின் முகம் வெளுத்தது. மேசைமேலிருந்த குடையைத் தூக்கிக் காட்டினாள். "குடை," என்றாள் நாயகி. கத்தரிக்கோலைக் காட்டினாள். பதில் வரவில்லை. சீப்பு, நூல், பூட்டு, ஒன்றும் வரவில்லை.

"மனப்பாடம்," என்று சபுரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வாய்க்குப் பழகினது வாயிலேயே இருந்திருக்கு. உள்ளே அரிச்சதக் கருவியும் பாக்கல, நானும் பாக்கல. பாவி, நான் கேட்டிருக்கணும்!"

அப்போதுதான் அபாயச்சங்கு ஊதிற்று. நான்காம் படகுத்தளத்தில் கட்டியிருந்த படகின் அடிப்பலகை பிளந்துவிட்டது. மூழ்கிய கடைத்தீவுகளிலிருந்து வந்த முப்பத்திரண்டு பேர் கீழறையில் உள்தாழ் போட்டுக்கொண்டு, இழுத்துச் சென்று விற்கவே ஆட்கள் வந்திருப்பதாக அஞ்சித் திறக்க மறுக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. இரும்புக் கதவை அறுக்க இரண்டு மணி நேரமாகும். அவர்கள் மொழியை ஏற்றிக்கொள்ள இன்று கூடத்தில் நாயகியைத் தவிர ஆளில்லை. சபுராவுக்கோ பதியம் ஏற்கும் வயது கடந்துவிட்டது.

"வேண்டாம்," என்றாள் சபுரா. "இன்னொண்ணு ஏத்தினா இருக்கிற மிச்சமும் போயிரும். அப்புறம் அதை எறக்கவும் முடியாது. எறக்கினா ஒனக்குள்ள ஒரு மொழியும் இருக்காது."

"புள்ளைங்க இருக்கா?"

சபுரா திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். நாயகிக்கு அதுவே போதுமாயிருந்தது. வீட்டை அழைத்தாள்.

"என்ன நாயகி, மழையில மாட்டிக்கிட்டியா?" என்றான் அவள் கணவன் சட்டநாதன்.

"இல்லீங்க. எதாவது பேசுங்க."

"நானா? ஒரு வருஷமா நீதான் வாயத் தொறக்கவே யோசிக்கிற. கோவில் செலகூட ஒன்னைவிட நாலு வார்த்த கூடப் பேசும்னு எதிர்வீட்டுல சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு என்ன புதுசா?"

"கேக்கணும்போல இருக்கு."

"சரி, கேளு. கீரைய ஆஞ்சு வெச்சிருக்கேன். கொல்லையில தவளை கத்து கத்துன்னு கத்துது. கூரை ஒழுகுற எடத்துல அண்டாவ வெச்சேன், அது ரொம்பிருச்சு…"

நாயகி ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் ஏந்தும் தீர்த்தம்போல் வாங்கிக்கொண்டாள். அவனிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அது நெஞ்சில் நிறைந்து நின்றது. அதற்குரிய சொல் மட்டும் எங்குமில்லை. "நான்… உங்க…" என்று இருமுறை முயன்றாள்.

"என்ன உங்க? வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்று சிரித்தான் அவன்.

அவள் அழைப்பைத் துண்டித்தாள். தகட்டைத் தானே காதின்பின் ஒட்டிக்கொண்டாள். கருவி முனகிற்று. தமிழ் அவளுள் அணைவதை அவள் உணர்ந்தாள்: முதலில் பண்டங்களின் பெயர்கள், அடுத்து உறவுகளின் பெயர்கள், கடைசியில் தன்னைத் தான் அழைத்துக்கொள்ளும் அந்தச் சிறு சொல். அச்சம் மட்டும் எந்த மொழியிலும் இல்லாமல் நின்றது.

படகின் கீழறைக் கதவிலிருந்த வட்டச் சாளரத்தில் முகம் பதித்து நின்று அவள் பேசினாள். உள்ளே இடுப்பளவு நீரில் நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். நாங்கள் உங்களை விற்கமாட்டோம்; மேலே அடுப்பு எரிகிறது; குழந்தைகளை முதலில் கொடுங்கள் என்று, அவர்கள் பாட்டிமார் பேசிய ஓசையிலேயே சொன்னாள். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு தாழ் விலகிற்று. முப்பத்திரண்டு பேரும் ஏறினார்கள்.

சபுரா கூடத்துக்கு அவளைக் கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் இருத்தினாள். இறக்கும் பொத்தானை அவளும் தொடவில்லை, எவரும் தொடத் துணியவில்லை. மேசைமேல் கைபேசி ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கிற்று. அதில் தெரிந்த எழுத்துகளை நாயகி பார்த்தாள், அவை அழகாயிருந்தன.

சற்றுப் பொறுத்து அவள் எழுந்தாள். குடத்து நீரில் கைகால் கழுவிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீற்றை மூவிரலால் எடுத்து, கிழக்கு நோக்கி நின்று, நெற்றி நிறையப் பூசினாள். பதிகமும் வாயைவிட்டுப் போயிருந்தது; உதடு அசையவில்லை. கைகள் மட்டும் நெடுநேரம் குவிந்திருந்தன.

சபுரா அருகே வந்து அவள் உச்சியில் கைவைத்தாள். அவள் சொன்னதை நாயகி அறியாள், நாம் அறிவோம்.

"நீ நல்லா இருப்பே, தாயி. ஆண்டவன் ஒன்னைக் கைவிடமாட்டான். ஒன் வீடும் ஒன் வாசலும் ஒன்னை அடையாளம் கண்டுக்கட்டும்."