முப்பது வரை எண்ணுகிறவன்

தலைமுடியைப் பிடித்து யாரோ வெடுக்கென்று மேலே இழுத்தார்கள்!

தண்ணீருக்கு வெளியே வந்த ரோஸ்மேரிக்கு முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் பனியன். அடுத்துத் தெரிந்தது... இரண்டு கண்கள். பெரிய, பயந்த கண்கள். அவளுக்காக இவ்வளவு பயந்த கண்களை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"மூச்சு வுடும்மா... ஒண்ணியும் இல்ல, கரை வந்துட்ச்சி..."

"யோவ்! வுடுய்யா முடிய!"

"முழுகிட்டியேன்னு..."

"யாரு முழுகுனது? தேடிகினு இருந்தேன்யா! கையில கெட்ச்சிட்ச்சி. நீ இழுத்த இழுப்புல போயே போச்சு!"

விரித்துக் காட்டினாள். உள்ளங்கை காலி.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த வாட்டர் பார்க் அது. அதுவரை இதற்கென்று சென்னையின் மறு கோடிக்குப் பஸ் பிடித்துப் போன வடசென்னை ஜனம், 2001 கோடையில் மொத்தமாக இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. ரோஸ்மேரி வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியும் ஒரு பஸ் நிறையப் பெண்களைக் கூட்டி வந்திருந்தது. வாடகை நைலான் உடுப்பைப் பார்த்து ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு எல்லோரும் செயற்கை அலைக் குளத்தில் இறங்கினார்கள்.

"ஜப்பானில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே கூரை போட்டு ஒரு கடல் கட்டி வைத்திருக்கிறார்கள்! கனடாவில் வெளியே பனி கொட்டும், உள்ளே அலையில் குளிப்பார்கள்! உலகமே வாட்டர் பார்க்குக்கு ஓடுகிறது!" என்று மைக்கில் ஒருவர் முழங்கினார்.

"கடலுக்குப் பக்கத்துல கீறவனுக்கு இன்னாத்துக்கு துட்டு குடுத்து இன்னொரு கடலு?" என்று ரோஸ்மேரி சிரித்தாள். அவள் காத்திவாக்கத்துப் பெண். வாசலைத் தாண்டினால் உப்பங்கழி.

சிரித்து முடிப்பதற்குள் சைரன் ஊத, வந்த அலையில் தோழி ஷம்ஷாத்தின் காதிலிருந்து கம்மல் கழன்று விழுந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட கம்மல்! ஷம்ஷாத் அழவே ஆரம்பித்துவிட்டாள். ரோஸ்மேரி யோசிக்கவில்லை. சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து வளர்ந்தவளுக்கு இந்த நீலத் தரை ஒரு பொருட்டா? மூச்சை அடக்கிக் குப்புறப் படுத்துத் தடவினாள். கிடைத்தும் விட்டது. அப்போதுதான் அந்த மஞ்சள் பனியன்...

சுற்றிலும் சிரிப்பு. "ஹீரோ வந்துட்டாருடா!" என்று எவனோ விசிலடித்தான். அவமானத்தில் காது சிவக்க, ரோஸ்மேரி ஈரத்தோடு நேராக ஆபீஸுக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டாள்.

மேனேஜர் லட்சுமணன் தயங்கினார். "பொண்ணுங்க யாராவது புகார் எழுதினா அன்னிக்கே வேலை போய்டும்மா... அதான் இங்க ரூல். உன்னை இழுத்த லைஃப்கார்டு நிலவன், வியாசர்பாடிப் பையன். ரெண்டு வருஷம் தினக்கூலிக்கு அலைஞ்சுட்டு இப்பதான் மாசச் சம்பளத்தைப் பார்த்திருக்கான். மூணு மாசத்துல நாலு பேரைத் தூக்கிக் கரை சேர்த்தவன்..."

பேனா ஒரு கணம் நின்றது. கோபம் அதைத் தள்ளிவிட்டது. எழுதினாள், விலாசம் போட்டாள், கையெழுத்தும் போட்டாள்.

வாசலில் நிலவன் நின்றிருந்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவனோ கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"பரவால்ல... நீ நல்லா கீறல்ல? அது போதும்."

அது போதுமாம்! இவன் திட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்...

திரும்பும்போது பஸ் ஜன்னலில் கோடை மழை சடசடவென்று அடித்தது. கம்மல் போனவள் சும்மா இருந்தாள். கம்மல் போகாதவள்தான் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"ரோசி, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் ஷம்ஷாத். "நீ உள்ள போனதுலேர்ந்து அவன் உன்னியேதான் பாத்துகினு இருந்தான். வாயி மட்டும் அசைஞ்சுது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறான்! முப்பது சொல்லிட்டு குதிச்சான் பாரு... நானே பயந்துட்டேன்."

ரோஸ்மேரி ஏழு வயதிலிருந்து தண்ணீரில் இறங்குகிறாள். போனவள் வருவாள் என்று வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அவள் உள்ளே இருக்கும் நேரத்தை யாரும் எண்ணியதில்லை.  'பாவி... ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட்டுட்டேனே!'

திங்கட்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு பார்க்குக்கு ஓடினாள். 'தப்பு என்னுடையது. அவர் செய்தது சரி' என்று அதே புத்தகத்தில், அதே பக்கத்தில் எழுதினாள்.

லட்சுமணன் சிரித்தார். "வரச் சொல்லி லெட்டர் போடறேன்மா. ஆனா ரோஷக்காரன். வருவானான்னு தெரியல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள் போட்டாகணும்."

செவ்வாய், புதன் போயின. பார்க் வாசலில் இருந்த போன் பூத்துக்குத் தினமும் போன் போட்டு, "மஞ்ச பனியன் நிலவன் வந்துட்டாரா?" என்று கேட்டாள். வரவில்லை... வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இறால் போடும் ஓலைப் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உப்பங்கழியில் இறங்கினாள். இறால் பிடிக்கவா, அழவா என்று அவளுக்கே தெரியாது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினால்... கரையில் நிலவன்! முகம் வெளுத்திருந்தது. கைகள் இரண்டும் இறுக மூடியிருந்தன. ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான்.

"நீயா! இங்க எப்டி?"

"அட்ரஸு... புகார் புஸ்தகத்துலதான் போட்டியே."

வலது கையைத் திறந்தான். உள்ளே, ஷம்ஷாத்தின் கம்மல்.

"எங்க கெட்ச்சிது?"

"ஃபில்டர்லேர்ந்து அள்ற மண்ண காம்பவுண்டுக்கு வெளியதான் கொட்டுவாங்க. டெய்லி காலையில போயி சலிச்சேன். நேத்துதான் ஆப்ட்டுச்சு."

"லெட்டர் வரலியா உனுக்கு? வேலைக்குக் கூப்டாங்களே!"

"வந்துச்சு. இத்த குடுக்காம எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது? இப்ப போவேன். பத்து மணிக்கு அலை."

போவானாம்! ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் சட்டென்று இறங்கிவிட்டது. ரோஸ்மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைக் கழுவுவதுபோல் துடைத்துக்கொண்டாள்.

"நெஜக் கடலு இங்க சும்மா கீது. இன்னாத்துக்குய்யா இந்த ஜனம் அங்க ஓடுது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இங்க பயந்துகினே எறங்கணும். அங்க பயப்பட வாணாம்... எண்ணிகினு ஒருத்தன் நிப்பான்."

"இப்பயும் எண்ணுனியா?"

"...எண்ணுனேன்."

"எவ்ளோ?"

"அறுவத்தெட்டு. முப்பதுக்கு மேல நானும் மூச்சு வுடல."

"அப்ப ஏன் குதிக்கல?"

"மறுபடியும் புகார் எழுதுவியே!"

"எழுதுவேன்தான்..." என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஆனா குதிச்சிருக்கலாம்ல?"

அனல் மின் நிலையப் புகைபோக்கிக்கு மேலே மேகம் கறுத்து, முதல் தூறல் விழுந்தது. நிலவன் அவளையே பார்த்தான். இந்த முறை அந்தக் கண்களில் பயம் இல்லை.

"ரோசி... உன்னிய எனுக்கு புட்ச்சிகீது. அன்னிக்கு முடிய வுட்டதுலேர்ந்து."

அவள் பறியைக் கழற்றிக் கரையில் நட்டிருந்த கம்பில் மாட்டினாள். கம்மலை வாங்கி முந்தானையில் இறுக்கி முடிந்தாள். நன்றாக மூச்சை இழுத்தாள்... முங்கிவிட்டாள்.

நிலவனின் உதடுகள் தாமாக அசைந்தன.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

தொப்பென்று குதித்தான். அவன் கை தேடிப் போகும் முன்பே அவள் கை வந்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது. தலையைத் தூக்கி, முடியிலிருந்து சொட்டும் நீரை வழித்துவிட்டு, ரோஸ்மேரி சொன்னாள்.

"எனுக்கும்தான்யா. அதுக்கு இன்னாத்துக்கு மூணு வரிக்கும் எண்ணுன?"