அரிசி டிரம்மில் வைத்த லென்ஸ்

லென்ஸ் சுத்தமாக இருந்தது. அதுதான் அருள்பிரகாஷுக்கு உறுத்தியது.

கும்பகோணத்தில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய என்லார்ஜர் லென்ஸ் அது. ஒரு காலத்தில் இருட்டறைக்குள் ஃபிலிமிலிருந்த முகங்களைப் பெரிதாக்கிக் கொடுத்தது; இப்போது அவன் அதைக் கேமராவில் மாட்டி, கடுகளவு வயல்பூச்சிகளை உள்ளங்கை அளவுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஐப்பசி அடைமழையில் திருவையாற்று வீடே ஊறிப்போக, லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவே நூல்நூலாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைப்பதில்லையா, அந்த நினைப்பில் லென்ஸை அரிசி டிரம்மின் அடியில் செருகிவைத்தான். மனைவி ஃபிளோராவிடம் மூச்சுக்காட்டவில்லை. தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், ஒரு நூல்கூட இல்லை. கழற்றவே முடியாத இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலிருந்து அது எப்படி வெளியே போனது?

சாயங்காலம். வெளியே வாய்க்கால் தளும்பி ஓடும் சத்தம், தவளைக் கூச்சல், அடுப்படியிலிருந்து வடித்த சோற்றின் வாசனை. அந்த வாசனைக்கு அடியில், மூட்டைகட்டி வைத்த ஈரத்துணியைப் பிரித்தாற்போல் ஒரு புளித்த நாற்றம்.

"அரிசி நாலு நாளா ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க," என்றாள் ஃபிளோரா. "மழை ஈரம் போல. ரெண்டு தண்ணி கூடவே கழுவிட்டேன்."

அவன் டிரம்மிலிருந்து நாலு அரிசியை எடுத்து லென்ஸுக்கு முன்னால் வைத்தான். கேமராவின் திரையில் ஒவ்வொரு அரிசியின் நுனியிலிருந்தும், எச்சில் பட்டதுபோல் பளபளக்கும் வெள்ளை நூல்கள் முளைத்து மெல்ல நெளிந்தன. மின்விசிறி ஓடவில்லை. இதைத்தான் பிசைந்து பிசைந்து தின்றோமா!

"அப்பா." ஐந்து வயது மகள் அமலி அறை வாசலில் நின்றாள். "நாக்கு அரிக்குதுப்பா."

வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரவைத்தான்.

"ஆ காட்டும்மா. நல்லா நீட்டு."

அந்த லென்ஸ் எதையும் ஒட்டிப்போய்த்தான் பார்க்கும். விரல்கடை தூரத்துக்குக் கொண்டுபோனான். திரை தெளிந்தது.

சிவந்த மேடுகள். நடுநடுவே நூல்கள். நாற்றங்கால் மாதிரி, அடர்த்தியாக.

கேமராவை இடப்பக்கம் நகர்த்தினான். அவையும் இடப்பக்கம் சாய்ந்தன. வலப்பக்கம். சாய்ந்தன.

லென்ஸை அடையாளம் கண்டுகொண்டன.

நிமிர்ந்தன. நீண்டன. திரை முழுக்க வெள்ளை.

"போதும், வாயை மூடும்மா."

அமலி முயன்றாள். முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"என்னங்க, சோறு ஆறுது. ரெண்டு பேரும் வாங்க," அடுப்படியிலிருந்து ஃபிளோரா கூப்பிட்டாள்.

அவன் கேமராவைப் பின்னால் இழுத்தான்.

நாக்கும் கூடவே வந்தது.