இரண்டு முறை உள்ளே போன மனிதர்

"ஆ...!"

அந்த அலறல் மருந்துக் குளிர்கிடங்கின் நீண்ட தாழ்வாரத்தில் ஓடிவந்து, ஆபீஸ் கண்ணாடிக் கதவில் மோதி நின்றது.

சில்வண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

சில்வண்டு என்பது பட்டப்பெயர். நாள் முழுக்கக் கீபோர்டில் தட்டிக்கொண்டே இருப்பாள் என்பதால் ஆபீஸ் வைத்தது. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் உண்டு. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மூன்றாம் நம்பர் குளிர் அறையின் கதவு திறந்திருந்தது. வெண்புகை தரையோடு தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு லோடுமேன் நின்றான். அவனுடைய பற்கள் தந்தியடித்தன.

"கதவைத் திறந்தேன்... சாஞ்சு என் கால்மேல விழுந்தாரு..."

மேனேஜர்!

சட்டை விறைத்திருந்தது. புருவத்தில் பனி. கதவுக்கு உள்பக்கம் படிந்திருந்த உறைபனியில் உள்ளங்கைத் தடங்கள். மேலே ஒன்று... அதற்குக் கீழே ஒன்று... அதற்கும் கீழே ஒன்று. நின்றுகொண்டு தட்டியவர், முழங்காலிட்டுத் தட்டி, உட்கார்ந்து தட்டி...

கடைசித் தடம் தரையை ஒட்டி இருந்தது.

சில்வண்டு கண்களை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இது திங்கட்கிழமை காலை. இடையில் ஒரு முழு ஞாயிறு இந்த அறைக்குள் யாருக்கும் தெரியாமல் கழிந்திருக்கிறது!

பக்கத்தில் வந்து நின்ற சித்தி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். டெஸ்பாட்ச் பிரிவின் தலைவி. ஆபீஸுக்கே சித்தி.

"பாக்காதேம்மா. வா, இந்தப் பக்கம் வா. ராத்திரியெல்லாம் கண்ணுக்குள்ள வந்து நிக்கும்."

*

இன்ஸ்பெக்டர் வந்தார். குளிர் அறைக்குள் இரண்டு நிமிடம் இருந்தார். மூக்கு சிவந்து வெளியே வந்தார்.

"உள்ளே இருந்து திறக்கற குமிழைக் கழட்டியிருக்காங்க. அபாய மணியோட ஒயரை வெட்டியிருக்காங்க. வேலை சுத்தமா இருக்கு. இங்க ஸ்பேனரும் கையுமா சுத்தறது யாரு?"

எல்லோருடைய கண்களும் ஒரே ஆளிடம் போய் நின்றன.

மெக்கானிக். சில்வண்டின் கூடப்பிறந்த அண்ணன்.

"நான் இல்ல சார்!"

"வெள்ளிக்கிழமை நீயும் மேனேஜரும் சண்டை போட்டீங்களாமே? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாமே?"

"கம்ப்ரஸர் பெல்ட் மாத்தணும்னு கேட்டேன். அவர் பொறுன்னாரு. அதுக்கா சார் ஒருத்தரைக் கொல்லுவாங்க? அப்படிப் பாத்தா இந்த ஊர்ல ஒரு மேனேஜர்கூட உயிரோட இருக்க மாட்டாரே!"

"வாய் நீளுது."

"பயத்துல சார். பயந்தா எனக்கு வாய்தான் நீளும்."

இன்ஸ்பெக்டர் ஆபீஸ் சுவரைப் பார்த்தார். அங்கே பெரிய திரை. அதில் கட்டம் கட்டமாக ஒரு தாள்.

"அது என்ன?"

"குளிர் அறைப் பதிவு சார்," என்றாள் சில்வண்டு. "உள்ளே போறவங்க வெளியில கார்டைக் காட்டினாத்தான் கதவு திறக்கும். யார், எப்போன்னு கதவு ப்ரோக்ராம் பதிஞ்சுக்கும். நான் கம்ப்யூட்டர்ல எழுதின ஸ்கிரிப்ட் அந்தப் பதிவையெல்லாம் எடுத்து இந்தத் தாள்ல ஒவ்வொரு கட்டமா நிரப்பும். நாளுக்கு ஒரு தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வாரம் பூராவையும் முதல்ல இருந்து நிரப்பும்."

"சனிக்கிழமையைக் காட்டு."

காட்டினாள்.

காட்டியிருக்கவே கூடாது!

கீழிருந்து மூன்றாவது வரி... மெக்கானிக்.

இரண்டாவது வரி... மேனேஜர்.

கடைசி வரி... மறுபடியும் மேனேஜர்!

ஆபீஸே மூச்சை நிறுத்தியது. அடுத்த அறையில் கம்ப்ரஸர் மட்டும் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை போயிருக்காரு..." லோடுமேன் முனகினான். "நேரத்தைப் பாருங்க. ரெண்டும் ஒரே நேரம். நொடிகூட மாறல. உடம்பு ஒரு வரி... ஆவி ஒரு வரி!"

"ஐயோ!"

கத்தியது மாப்பிள்ளை. முதலாளியின் மருமகன். கல்யாணம் ஆன மறுநாளே கம்பெனியின் இயக்குநர் ஆனவர். வேறெதையும் இதுவரை இயக்கியதில்லை.

"மிஷின் கோளாறு," என்று கையை வீசினார் இன்ஸ்பெக்டர். "எனக்கு வேண்டியது மேல் வரி. செத்தவருக்கு முன்னாடி கடைசியா உள்ளே போனது இவன். குமிழைக் கழட்டத் தெரிஞ்சவனும் இவன். டீ ஒண்ணு குடிச்சுட்டுக் கிளம்பறேன். நீயும் என்கூட வர்றே."

"பாப்பா..." அண்ணன் தங்கையைப் பார்த்தான். சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது பார்த்த அதே பார்வை. "நான் போனது பல்பு மாத்த. வெளியில வரும்போது குமிழைத் திருகித்தான் வந்தேன். நல்லா வேலை செஞ்சுது. சத்தியமா!"

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. இருப்பது இவன் ஒருவன்தான்.

*

சில்வண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மேனேஜர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கனவு காண்பது அவளுக்குப் பழக்கம். தூர தேசத்துக் கதைகளைப் படித்துவிட்டு, பனி விழும் ஊர்களில் தான் நடப்பதாக நினைத்துக்கொள்வாள். இப்போது அந்தப் பனிக்குள் ஒரு வயதானவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டக்... டக்... டக்...

"என்ன சார் சொல்ல வர்றீங்க?" என்று வாய்க்குள் கேட்டாள்.

கதவு ப்ரோக்ராமை நேரடியாகத் திறந்தாள். சனிக்கிழமைப் பதிவு. கடைசி வரிகள்.

மெக்கானிக்.

மேனேஜர்.

அவ்வளவுதான்!

ப்ரோக்ராமில் மேனேஜர் ஒருமுறைதான் உள்ளே போயிருக்கிறார். தாளில் மட்டும் இரண்டு!

முதுகெலும்பில் ஐஸ் தண்ணீர் வழிந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள்.

தாழ்வாரத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம் ஓடினாள்.

"சார்! அந்தப் பேய் வரி நான் விட்ட தப்பு சார்!"

"சபாஷ். அண்ணன் தப்பு பண்ணல, தங்கச்சி பண்ணிட்டா. ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க."

"விளையாடாதீங்க சார்! ஒரு வரிசையில அஞ்சு பேர் நிக்கறாங்கன்னு வைங்க. நடுவுல ஒருத்தரை உருவி எடுத்துட்டா?"

"பின்னாடி இருக்கறவங்க ஒரு அடி முன்னாடி வருவாங்க."

"கடைசி ஆள் நின்ன இடம்?"

"காலியாகும்."

"என் தாள்ல ஆகாது சார்! என் ஸ்கிரிப்ட் பழைய கட்டங்களைத் துடைக்காம, மேலேயே எழுதிக்கிட்டுப் போகும். உள்ளே போனவங்க பட்டியல் கூடத்தானே செய்யும், குறையவா போகுதுன்னு அப்படியே விட்டுட்டேன். சனிக்கிழமை குறைஞ்சிருக்கு! வரிசை ஒரு கட்டம் மேலே ஏறிடுச்சு. கடைசிக் கட்டத்துல இருந்த மேனேஜர் மேலேயும் வந்துட்டாரு... அவரோட நிழல் கீழேயும் நின்னுடுச்சு."

இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா..."

"யாரோ ஒருத்தர் உள்ளே போயிருக்காங்க. மேனேஜர் மாட்டினதும், தன்னோட பதிவை ப்ரோக்ராம்ல இருந்து அழிச்சிருக்காங்க!"

"யாரு?"

"அதுதான் தெரியல. அழிச்சது அழிஞ்சதுதான். பதிவை அழிக்கற பாஸ்வேர்டு மேனேஜருக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான்னு பேரு. ஆனா மேனேஜர் அதை மறந்துடுவோம்னு மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருந்தாரு. ஆபீஸ் பூராவுக்கும் மனப்பாடம்."

"நிழல் இருக்கு. ஆள் இல்ல. இதை வெச்சு உங்க அண்ணனை விட முடியாதும்மா."

"ஒரு பொய் சொல்லிக்கட்டுமா சார்?"

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போலீஸ்கிட்ட அனுமதி கேட்டுப் பொய் சொல்ற முதல் ஆள் நீதான். சொல்லு!"

*

ஆபீஸ் நடுவில் நின்று சில்வண்டு குரலை உயர்த்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! பேயும் இல்ல, பிசாசும் இல்ல. யாரோ தன் பதிவை மறைக்கப் பாத்திருக்காங்க. அதுதான் மேனேஜர் பேர்ல விழுந்திருக்கு. என் ஸ்கிரிப்டோட அடுத்த ஓட்டத்துல நிஜப் பேர் இந்தத் திரையில வந்துடும். இன்னும் பத்து நிமிஷம்!"

"பத்து நிமிஷமா?" மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "எனக்கு... எனக்கு ஒரு போன் பேசணும்."

அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

மாட்டிக்கொண்டார்!

"உனக்குச் சூடா ஏதாவது குடிக்கக் கொண்டு வர்றேம்மா. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு," என்றாள் சித்தி.

கதவு ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு சில்வண்டு காத்திருந்தாள். கம்ப்ரஸர் மூச்சு விட்டது. எங்கோ ஒரு குழாயில் பனி உடைந்து விழுந்தது. லோடுமேன் வாய்க்குள் ஏதோ ஜெபித்தான்.

திடீரென்று...

கண்ணெதிரே... மேனேஜரின் பதிவு காணாமல் போனது!

தன் பெயர் அதிலிருந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து யாரோ அழித்துவிட்டார்கள்!

சில்வண்டு தலையசைத்தாள். இன்ஸ்பெக்டர் பூனை நடையில் மாப்பிள்ளையின் அறை வாசலுக்குப் போய் நின்றார்.

சித்தி திரும்பி வந்தாள். கையில் டீ. சில்வண்டின் பக்கத்தில் நின்று அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதே. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஓட்டம் ஆரம்பிக்குது சித்தி. பாருங்க."

திரை ஒருமுறை சிமிட்டியது. கட்டங்கள் மேலிருந்து கீழாக நிரம்பிக்கொண்டே வந்தன. வரி... அடுத்த வரி... மெக்கானிக்...

மேனேஜர்.

மேனேஜர்.

இரண்டு வரியும் அசையாமல் நின்றன!

சில்வண்டுக்கு ஆச்சரியம் இல்லை. ப்ரோக்ராமில் அவர் இல்லவே இல்லாவிட்டாலும், துடைக்காத கட்டத்தில் நிழல் நிற்கத்தான் செய்யும். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் கதவை உதைத்துத் திறந்தார்.

மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் இருந்தார்!

"மாமா... என்னை வேற பிராஞ்சுக்கு மாத்துங்க மாமா... இங்க ஆவி கார்டு போட்டு உள்ளே வருது மாமா..." என்று போனில் அழுதுகொண்டிருந்தார். மேஜையில் கம்ப்யூட்டரே ஆன் செய்யப்படவில்லை!

அப்படியானால்...?

சில்வண்டின் கையைப் பற்றியிருந்த விரல்கள் ஐஸாகிக்கொண்டிருந்தன.

மெல்லத் திரும்பினாள்.

சித்தியின் இன்னொரு கையில் இருந்த டீ தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் திரையைவிட்டு நகரவில்லை.

"ஏன் சார்..." சித்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏன் இன்னும் நிக்கறீங்க? இப்பத்தானே அழிச்சேன்... ஒரு வரிகூடவா போகல?"

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் வாசலிலிருந்து திரும்பினார்.

சித்திக்கே தான் பேசியது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய், தரையில் சரிந்தாள்.

"சித்தி... நீங்களா?"

"போன வாரம் ராத்திரி டூட்டி. கூலிங் நின்னுபோய் அலாரம் அடிச்சுது. தலைவலி தாங்கல, ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். காலையில பாத்தா குழந்தைங்களுக்குப் போடற மருந்து மொத்தமும் கெட்டுப் போச்சு. சத்தமில்லாம லேபிளை மாத்தினேன். அவரு கண்டுபிடிச்சுட்டாரு. திங்கக்கிழமை மேலிடத்துல சொல்லப் போறேன், நீயே முன்னாடி சொல்லிடுன்னாரு. ரிட்டயர் ஆக ஒரு வருஷம்மா... ஒரே ஒரு வருஷம்..."

"அந்த மருந்து எங்க?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"இன்னும் லாரியில ஏறல. மூணாம் நம்பர்லதான் இருக்கு. முன்னாடியே உள்ளே போய் குமிழையும் ஒயரையும் எடுத்துட்டு, அதுல சீல் உடைஞ்சிருக்கு, வந்து பாருங்கன்னு சொல்லித்தான் அவரை..." சித்தி திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். "ரெண்டு நாளா வீட்டுல எந்தக் கதவைச் சாத்தினாலும் உள்ளே இருந்து தட்டறாரு. அவரைப் போகச் சொல்லும்மா. நீதானே வர வெச்சே? போகச் சொல்லு!"

சில்வண்டு அழுதாள். காலையில் தன்னை அணைத்துக்கொண்ட கை. கதவை வெளியே இருந்து சாத்தியதும் அதே கை. அதை உதறுவதா பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையை மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

*

ஜீப் வாசலில் உறுமியது. பின் இருக்கையில் சித்தி, தலைகுனிந்து.

அண்ணன் தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தான். அப்புறம் அதே இடத்தைத் தடவிக் கொடுத்தான்.

"நீ மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா இந்நேரம் நான் லாக்கப்ல கம்பி எண்ணிக்கிட்டு இருப்பேன், பாப்பா."

"ஒரே ஒரு வரிண்ணா. எழுதறதுக்கு முன்னாடி கட்டத்தைத் துடைன்னு ஒரு வரி. இப்பவே சேத்துடறேன்."

"அதைத் தொட்டே, உன்னையும் ஜீப்ல ஏத்திடுவேன்!" முன் இருக்கையிலிருந்து இன்ஸ்பெக்டர் தலையை நீட்டினார். "அப்படியே எங்க ஸ்டேஷனுக்கும் தப்பா ஒண்ணு எழுதிக் குடும்மா. சரியா வேலை செய்யற கம்ப்யூட்டர் அங்க நாலு இருக்கு... ஒண்ணுகூட இதுவரைக்கும் ஒருத்தரையும் பிடிச்சுக் குடுத்ததில்ல!"