நாலாவது இலை

மேல்தட்டில் வைத்திருந்த மலர்வளையம் வளைவில் வழுக்கி, நேராக அவள் கழுத்தில் விழுந்தது.

இரத்தினபுரியிலிருந்து றக்வானைக்குப் போகும் பஸ். நிற்க இடமில்லை. சிவப்புக் காகிதப் பூக்களுக்கு மேலே இரண்டு கண்கள் திரும்பி மதுசனைத் தேடிப் பிடித்தன... ஆற்று மணலில் அரித்தெடுத்த கல் மாதிரி, ஈரமாய், பளபளப்பாய்.

"இது உங்களோடதா?"

"ஆமா... மன்னிச்சுக்கோங்க."

"செத்தவங்களுக்குப் போடுறத உசிரோட இருக்கவ கழுத்துல போட்டுட்டீங்களே. நல்லாருக்குங்க!"

கண்டக்டர் சிங்களத்தில், கல்யாணம் முடிந்துவிட்டது, இனி இரண்டு பேருக்கும் ஒரே சீட் போதும் என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். மதுசனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. இரண்டு வருடமாக அங்கே எதுவும் அசைந்ததில்லை... என்ன இது?

அவன் இரத்தினபுரியில் புவியியல் ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வேலை. உலக யுத்தத்தில் விமானம் விழுந்து செத்து, இந்த மண்ணில் புதைக்கப்பட்ட வெள்ளைக்காரப் பையன்களின் கல்லறைகளைப் படம் எடுத்து, கடல் தாண்டி இருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கு அனுப்புவான். அது அவனுக்குச் சுலபமான வேலை. கல்லைப் பார்ப்பான், படம் எடுப்பான். எதுவும் தோன்றாது. இந்தமுறை கனடாவிலிருந்து ஒரு பெண், தன் மாமா ஹார்விக்கு ஒரு வளையம் வைக்கச் சொல்லி எழுதியிருந்தாள்.

அவன் இறங்கிய இடத்திலேயே அவளும் இறங்கினாள். பெயர் கலைச்செல்வி. அங்கிருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

"ஏரோப்ளேன்காரங்ககிட்டயா போறீங்க? நானும் அங்கதான். இன்னைக்கு அவங்க தெவசம்."

மழை பிடித்துக்கொண்டது. அவளிடம் குடை இருந்தது. அவனிடம் இல்லை.

"வளையத்துக்குத்தான் குடை புடிக்கிறேன். நீங்க ஓரமா வந்துக்கலாம்."

"நன்றி... வளையம் சார்பா."

அவள் கண்களால் சிரித்தாள். ஏழாம் நம்பர் மலை ஏறும்வரை கதை சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் மேகத்துக்குள் வந்த விமானம் மலையில் மோதியது. நாலு பேர். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குகளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அழ ஆள் இல்லாத சாவு ஆகாது என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீட்டார் ஆளுக்கொருவரைத் தங்கள் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டார்கள். வருடா வருடம் இலை போடுவதும், பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அந்தந்த வீட்டுப் பொறுப்பு.

"நாலாவது வீட்டுக்காரங்க எழுபத்தி மூணுல கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க. அதுலேர்ந்து அவருக்கு மட்டும் இலை இல்லைங்க. உரிமைக்காரங்கதான் போடணும்ல..." திடீரென்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமையும் இப்படி அலையிறீங்களே, வீட்டுல தேட மாட்டாங்களா?"

"யாரும் இல்ல" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? உண்மைதான். ஆனால் பாதி உண்மை. குடைக்குள் அவளுடைய தோள் ஒரு விரற்கடை நெருங்கி வந்தது. அவன் விலகவில்லை... அதுவும் ஏனென்று தெரியவில்லை.

மேலே நாலு கற்கள். மூன்றின் முன்னால் வாழையிலை போட்டாயிற்று. பாண் ரொட்டி, மீன் குழம்பு, அவித்த முட்டை, இலையோரம் ஒரு சிகரெட். நாலாவது ஹார்வியுடையது. வெறுமையாக இருந்தது. லயத்து மூத்தவள் மருதாயி இடுப்பில் படங்கோடு நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். வளையத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"வந்துட்டாரு பாருங்க உரிமைக்காரரு!"

"இல்லைங்க, நான் படம் எடுக்கத்தான்..."

"மாலை கொண்டாந்தீங்களா இல்லையா? கொண்டாந்தவுக போட்டுத்தான் ஆகணும். கலை, அந்த இலையக் குடுடி! அம்பது வருசமா பட்டினி கெடக்கான் பையன்."

மறுக்க நேரம் தரவில்லை. இலையைப் போட்டான். பாணை வைத்தான். கலைச்செல்வி அவன்மேல் மழை படாமல் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு அவன் காதருகே கேட்டது.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க தம்பி. மூணு தரம். வந்து சாப்புடுன்னு."

அவன் வாயைத் திறந்தான்.

"கோகிலா... வந்து சாப்பிடு."



"இதென்னடி இது" என்றாள் மருதாயி. "ஆம்பளப் பையன்னுல சொன்னாங்க!"

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மதுசன் உறைந்து நின்றான். கலைச்செல்விதான் குனிந்தாள். "ஹார்வி, வந்து சாப்பிடுங்க" என்று மூன்று தடவை, குரல் நடுங்காமல் சொன்னாள். பிறகு குடையை அவன் கையில் திணித்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தாள்.

அவன் பின்னால் ஓடினான். பாசியில் சறுக்கினான், எழுந்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவளை எட்டிப் பிடித்தான்.

"கொஞ்சம் நில்லுங்க."

"யாரும் இல்லன்னு சொன்னீங்க. நான் நேராத்தான கேட்டேன்? பொய் சொல்லாம இருந்திருக்கலாம்ல..." அவள் கண்கள் சிவந்திருந்தன.

"கோகிலா என் சம்சாரம். டெங்குக் காய்ச்சல். நாலே நாள்... ரெண்டு வருஷமாச்சு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கேகாலையில, அவங்க அப்பா வீட்டுத் தோட்டத்துல அடக்கம் பண்ணினோம். அன்னைக்கே திரும்பிட்டேன். அப்புறம் போகல. அழல. அவ பேரக் கூட... இன்னைக்குத்தான் சொன்னேன்."

"தெவசம்?"

"பண்ணல."

"இலை?"

"இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப ரெண்டு வருஷமா அவங்க பசியோடயா இருக்காங்க?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் அழுதான் என்று அவனுக்குத் தெரியாது. அவள் குடையை எடுத்து, அவனுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான் கடைசியில். "தப்பாக்கூட இருக்கலாம். பஸ்ல உங்களப் பார்த்ததுலேர்ந்து உள்ள என்னமோ ஆகுது. மேல நீங்க பக்கத்துல நின்னப்ப, நானும் உசிரோடதான் இருக்கேன்னு தோணுச்சு... தோணின அந்த நிமிஷமே அவளக் கூப்பிட்டுட்டேன். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. அவளயும் மறக்கல. இந்த ரெண்டும் ஒரே மனசுக்குள்ள எப்படி இருக்கும்? எனக்குப் புரியல."

"எனக்கும் புரியலைங்க."

அவள் கன்னத்தில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்தாள்.

"அடுத்த ஞாயிறு கேகாலைக்கு எத்தன மணிக்கு பஸ்?"

அவன் நிமிர்ந்தான். "நீங்க... வருவீங்களா?"

"வராம? உங்கள நம்பித் தனியா விட முடியுமா... அங்க போயி, அவங்களுக்கு இலை போட்டுட்டு, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு நிப்பீங்க!"