டிபன் மூடியில் பால்

காலை 7.20. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும் துருப்பிடித்த இரும்புத் தொட்டிக்குள் பூனைக்குட்டிகள் இல்லை. நேற்றுவரை மூன்று இருந்தன. பிறந்து ஒரு வாரம், கண்கூடத் திறக்கவில்லை. காது கிழிந்த தாய்ப்பூனை உள்ளே போவதும் வெளியே வருவதுமாகக் கத்திக்கொண்டிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் தென்றல் வந்து சேர்வதற்குள் லைன்காரர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். ஆட்டோ ஓட்டும் பிரதாப்பை நாலு பேர் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். அவன் சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

"இவன்தாம்மா! ஆட்டோ சீட்டுல பூனை அசிங்கம் பண்ணிடுச்சாம். மூட்டை கட்டி பேத்தமங்களா ஏரில போட்டுடுவேன்னு நேத்து கத்தினான்," என்றாள் ராணி. லைனில் எது நடந்தாலும் முதல் குரல் அவளுடையதுதான்.

"கோவத்துல சொன்னேங்க. சொன்னா செஞ்சதா ஆயிடுமா?" பிரதாப் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்போ அது இன்னா? பால்ல மருந்து கலந்து வெச்சிக்கீறான்!" ராணி தொட்டியைக் காட்டினாள்.

தொட்டி வாயில் ஒரு வட்டமான எவர்சில்வர் மூடி. அதில் பால், ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

தென்றலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேரில் ஒருவராவது குட்டிகளைத் தேடினார்களா? அடிக்க ஆள் கிடைத்ததே போதும் என்று நிற்கிறார்கள். தாயின் சூடும் பாலும் இல்லாமல் அந்த வயதுக் குட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? மதியத்துக்குள் கிடைக்காவிட்டால் பிணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

குனிந்து பார்த்தாள். குட்டிகள் படுத்திருந்த சாக்கு ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூடியின் விளிம்பில் காய்ந்த சட்னித் தடம்.

"தாய் எப்போ வெளியே போகும்?" என்று ராணியிடம் கேட்டாள்.

"அதெல்லாம் ஒரு தாயா? விடியறதுக்குள்ள போயிடும். பெங்களூருக்கு வேலைக்குப் போற நம்ம ஷோபாகூட ரெண்டு நாளா சொல்லிக்கினு கீது, குட்டிங்கள அம்மா விட்டுட்டு ஓடிப்போச்சுன்னு."

"அவர விடுங்க," என்றாள் தென்றல் பிரதாப்பைக் காட்டி. "நான் வர்ற வரைக்கும் யாரும் அவர் மேல கை வெக்காதீங்க."

காலை 7.45. கோரமண்டல் ஸ்டேஷன் எதிரே மனோகரின் டீக்கடை. சட்னித் தடம் உள்ள மூடி வேலைக்குப் போகிற யாருடைய டிபன் டப்பாவோ என்று கணித்து, தென்றல் அதை எடுத்துக்கொண்டு அங்கே விசாரிக்க வந்திருந்தாள்.

"காது கிழிஞ்ச பூனையா?" என்றார் மனோகர். "ஷிஃப்ட்டுக்கு வர்ற மாதிரி வரும். காலைல ஆறு மணி பெங்களூரு வண்டிக்கு முன்னாடி, ராத்திரி ஒன்பது மணி வண்டிக்கு முன்னாடி."

"இன்னாத்துக்கு?"

"இட்லிக்குத்தான். ஒரு பொண்ணு டிபன் மூடில பிச்சிப் போடும். ராத்திரி மீதி சோறு வெக்கும்."

"இன்னைக்கு?"

"அந்தப் பொண்ணு வரலையே. வண்டி போயும் பூனை ரொம்ப நேரம் உக்காந்துக்கினு இருந்துது."

தென்றல் டீயைக் குடிக்கக்கூட நிற்கவில்லை.

காலை 8.00. ஷோபா வீட்டு வாசலில் ஆபீஸ் செருப்பு. ஆறு மணி வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. தென்றல் அங்கே விரைவதைப் பார்த்து ராணியும் மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். உள்ளே அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகள். ஷோபா கையில் பசும்பால் நிறைத்த ஊசியில்லாத சிரிஞ்ச்.

"கீழே வைங்க!" தென்றல் போட்ட அதட்டலில் சிரிஞ்ச் நழுவியது. குட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சில்லுன்னு கீது. சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊத்தினா செத்துடும். அதுவும் பசும்பால் ஆகவே ஆகாது."

வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குட்டிகளோடு அணைத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "லீவு போட்டுட்டு இவங்கள எடுத்தது நீங்கதானே?"

"காப்பாத்தத்தான் எடுத்தேன்!" ஷோபாவுக்கும் கோபம் வந்தது. "ரெண்டு நாளா போகும்போதும் பாத்தேன், வரும்போதும் பாத்தேன். அம்மா இல்ல. அநாதையா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"குட்டிங்க சுத்தமா, வயிறு உப்பலா, கத்தாம தூங்கிக்கினு இருந்துதா இல்லையா?"

"...ஆமா."

"அப்போ தாய் கீதுன்னு அர்த்தம். தள்ளி நின்னு ரெண்டு மூணு மணி நேரம் பாத்திருக்கணும். நீங்க பாத்ததெல்லாம் வண்டி நேரத்துலதான். அந்த நேரத்துல அது எங்க இருந்துது தெரியுமா?"

ஷோபா தெரியாது என்று தலையாட்டினாள்.

தென்றல் மூடியை நீட்டினாள். "இது உங்க டிபன் மூடி. பாலை வெச்சுப் பாத்தீங்க, குடிக்கல. கண் திறக்காத குட்டிக்கு நக்கிக் குடிக்கத் தெரியாது. பூனைய வெறுக்கறவரு பால் வெச்சு, சாக்கையும் மடிச்சு வெச்சிட்டா போவாரு? இதே மூடிலதான் தினமும் ஸ்டேஷன்ல இட்லி போடுறீங்க. அந்தக் காது கிழிஞ்ச பூனைதான் இவங்க அம்மா. அது எங்கேயும் ஓடிப்போகல. உங்களுக்காகத்தான் அங்க காத்துக்கினு இருந்துது."

ஷோபா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீர் பாட்டிலைக் குட்டிகளோடு இன்னும் நெருக்கி வைத்தாள்.

காலை 9.10. சூடேறிய குட்டிகளைத் தொட்டிக்குள் பழைய சாக்கில் விட்டு, எல்லோரையும் தென்றல் தூரத்தில் நிறுத்தினாள். அலைந்து களைத்த தாய்ப்பூனை வந்தது. ஷோபாவைக் கண்டதும் நேரே அவளிடம் போய், வழக்கம்போல இட்லிக்காகக் காலில் உரசியது. அவள் விம்மிவிட்டாள். அதற்குள் தொட்டியிலிருந்து மெல்லிய சத்தம் கேட்க, பூனை பாய்ந்து உள்ளே போனது. மூன்றும் பால் குடிக்கத் தொடங்கின.

"அப்பாடா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது," என்றாள் ராணி.

"யாருக்கு முடிஞ்சிது?" தென்றல் திரும்பினாள். "குட்டி மூணும் அம்மாகிட்ட போயிடுச்சு. அவர் சட்டை இன்னும் கிழிஞ்சுதான் கீது."

சுவரோரம் பிரதாப் கிழிந்த பையைக் கையால் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தான். ராணி அவனைப் பார்த்தாள். இந்த முறையும் முதலில் நகர்ந்தது அவள்தான்; ஊசி நூல் எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.