பிழைப்பேறு மனு

பள்ளி வாசலில் நின்ற, மரபணுவைப் படிக்கும் மரபு வாயில், எஸ்தரின் விரலையும் பவளத்தின் விரலையும் தொட்டுப் பார்த்துவிட்டு வழக்கம்போல, "உறவு இல்லை. அனுமதிச் சீட்டைக் காட்டவும்" என்றது. வரிசையில் பின்னால் நின்ற தாய்மார்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் சீட்டை நீட்டினாள், கம்பி விலகியது. ஏழு வயதுப் பவளம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சீட்டு எஸ்தரின் மனைவி அரசியின் பெயரில் வாங்கியது. கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் சாரம் சரிந்து அரசி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதக் கடைசியோடு சீட்டும் செல்லாது.

எஸ்தரும் அரசியும் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார்கள். எஸ்தர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி கிரேன்களை இயக்குபவள், அரசி வெல்டர். பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்வதில் அப்போது சட்டத்துக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் பிறப்புப் பதிவேட்டில் 'தாய்' என்ற கட்டத்தில் மரபணு கொடுத்தவரின் பெயர் மட்டுமே ஏறும். கருமுட்டை அரசியுடையது. எஸ்தர் வெறும் 'கூட்டு விண்ணப்பதாரர்'.

விந்து கொடையாளரிடமிருந்து வந்தது. குழந்தை வளர்ந்தது அரசுக் கருவகத்தின் கண்ணாடிக் கருப்பையில். அங்கே யாரோ குப்பியை மாற்றிவிட்டார்கள். மாநிறமான இரு பெண்களுக்கும் ஆழ்ந்த கறுப்பில், தலையோடு ஒட்டிச் சுருண்ட முடியோடு ஒரு மகள் வந்தாள். கொடையாளர் கிழக்கு ஆப்பிரிக்க வழியினர் என்றது சோதனை. மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கருவகத்தார் மரியாதையாகக் கேட்டார்கள். "மாத்துறதுக்கு இது என்ன செருப்பா?" என்று சொல்லி அரசி குழந்தையோடு எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது அரசி இல்லை. அவளுக்கு ரத்த உறவு என்று யாரும் கிடையாது, அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். தாய்வழி உறவு இல்லாத குழந்தை இனப்பொருத்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மும்பையில் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, படமும் அனுப்பியிருந்தார்கள். பவளத்தைப் போலவே முடியும் நிறமும் கொண்ட கணவன், மனைவி. நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். அதுதான் எஸ்தரை இன்னும் கலங்கடித்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் வழக்கறிஞர் ஜமீலா. "நல்ல வழின்னு சொல்ல மாட்டேன். பிழைப்பேறு மனு."

"அப்படின்னா?"

"நாங்க கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணுன்னு கருவகத்து மேல போடுற மனு. கூட்டு விண்ணப்பதாரருக்கும் அந்த உரிமை உண்டு. பாதிக்கப்பட்டவங்கன்னு சட்டம் உங்களை ஏத்துக்கிட்டா, குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவா, வச்சுக்கவான்னு முடிவு பண்றது உங்க கையில. வச்சுக்கிறேன்னு சொல்லிரலாம்."

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ பிறந்தது உங்க மனசை நோகடிச்சுதுன்னு சொல்லணும். மெய்காணி முன்னால." ஜமீலா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆறு வயசு தாண்டிட்டதால பவளமும் பக்கத்துல இருப்பா. தன்னைப் பத்திப் பேசுறதைக் கேக்குறது குழந்தையோட உரிமை."

மெய்காணி குரலையும் நாடியையும் படிக்கும். உண்மைக்கு நீலமும் பொய்க்குச் சிவப்பும் எரியும். பள்ளிக்கூடத்திலேயே ஒன்று உண்டு. அது தவறாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

"பொய் சொன்னா காட்டிக் கொடுத்துருமே மேடம்."

"அதனாலதான் கேக்குறேன். ஒரு நிமிஷமாவது உண்மையிலேயே அப்படித் தோணுச்சா?"

கருவகத்தில் கண்ணாடி மூடி திறந்த நாள் எஸ்தரின் கண்முன் வந்தது. அறையில் எல்லோரும் குழந்தையைப் பார்த்துவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். எஸ்தரின் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அதற்குள் அரசி இரு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கிவிட்டாள். அந்த ஓரடியை எஸ்தர் யாரிடமும், அரசியிடமும்கூடச் சொன்னதில்லை.

"தோணுச்சு" என்றாள்.

விசாரணை அன்று பவளம் எஸ்தரை ஒட்டி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுத்தர வயது நீதிபதி, அலுப்பில்லாத நிதானமான குரலில், "இந்தக் குழந்தையை முதன்முதலில் பார்த்தபோது உங்கள் மனநிலை என்ன?" என்று கேட்டார்.

"நான் பின்னால போயிட்டேன்" என்றாள் எஸ்தர். "இது எங்க புள்ள இல்லன்னு நினைச்சேன். அந்த நிறத்தையும் முடியையும் பாத்து... மத்தவங்க பாக்குறதை நினைச்சு உடம்பு கூசுச்சு. வேற புள்ளையா இருந்திருக்கக் கூடாதான்னு தோணுச்சு."

நீலம் எரிந்தது. ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

"ஆனா அது ஒரே நிமிஷம்தான் ஜட்ஜம்மா, அதுக்கப்புறம்..."

"கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது" என்றார் நீதிபதி. பணியாள் மெய்காணியை அணைத்தான். மனு ஏற்கப்பட்டது. பதினெட்டு வயதுவரை பவளம் எஸ்தரின் பொறுப்பில் இருக்கலாம்.

திரும்பி வரும்போது பேருந்தில் எஸ்தர் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, அங்க சொன்னது ஒரு நிமிஷத்துக் கதை. அதுக்கப்புறம் ஏழு வருஷமா நீதான் எனக்கு எல்லாம்."

"நீலம் எரிஞ்சுதே."

"இப்ப சொல்லுததும் உண்மைதான்."

பவளம் இருக்கையின் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் பார்த்தாள். பேருந்தில் அந்தக் கருவி எங்கும் இல்லை. "சரிம்மா" என்றாள்.

அன்றிலிருந்து பவளம் நல்ல பெண்ணாகிவிட்டாள். சாப்பாட்டுக்கு அடம்பிடித்து வீட்டை இரண்டாக்கியவள், பாகற்காய்ப் பொரியலையும் மிச்சமின்றித் தின்று தட்டைக் கழுவி வைத்தாள். போர்வையை நான்கு மூலையும் சேர மடித்தாள். முடியில் சீப்பு சிக்கி வலித்தாலும் முகம் சுளிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் நன்றி சொன்னாள். அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் எஸ்தர் வேலை முடிந்து களைத்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவளம் சற்றுத் தள்ளி நின்று, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாக்கள் இருவரையும் 'நீ, வா, போ' என்றே அழைத்து வந்தவள். எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீன்னு கூப்பிடு. எப்பவும் போல."

"சரிங்கம்மா" என்றாள் பவளம்.