மூன்றாவது மணி

ஒற்றை மணி அடித்ததும் வண்டி சடாரென்று நின்றது. நின்ற வேகத்தில் மீன்காரி லீலாம்மாவின் கூடை சரிந்து, பத்து மத்தி மீன்கள் சீட்டுகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போயின.

"ஏன் சேட்டா, ஸ்டாப்புல ஆளே இல்ல! எதுக்கு நிறுத்துனீங்க?" கண்டக்டர் ஜலஜா கத்தினாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தான். அன்றுதான் ஆலப்புழைக்கு மாற்றலாகி வந்த சுகதன். மழை வழியும் கண்ணாடிக்கு முன்னால் தூக்கம் கலையாத இரண்டு பெரிய கண்கள்... அவற்றில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க ஒண்ணு அடிச்சீங்க, நான் நிறுத்துனேன். ரெண்டு அடிச்சிருந்தா போயிருப்பேன்."

தப்பு அவளுடையதுதான். கூரையோரமாக ஓடும் மணிக்கயிறுதான் இங்கே கண்டக்டரின் வாய். ஒன்று, நில். இரண்டு, போ. மூன்று, வண்டி நிறைந்துவிட்டது, வழியில் எங்கும் நிற்காதே. ஜலஜா இரண்டு அடிக்கத்தான் போனாள். முதல் இழுப்பிலேயே வலது தோளில் சுருக்கென்று குத்தியது.

மார்பகப் புற்றுநோய். வலது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து, கதிர்வீச்சும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கையால் இழுக்கலாமே என்று கேட்காதீர்கள். அந்தக் கை கம்பியைப் பிடித்திருக்கிறது. விட்டால் மத்தியோடு அவளும் கிடப்பாள்.

ஓணத்துக்கு முன்னால் டாக்டர்கள் அவளைப் பரிசோதிப்பார்கள். கை தலைக்கு மேல் போகாவிட்டால் டிப்போவில் நாற்காலி வேலைதான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் கூடிவரவில்லை, வீட்டில் பேச ஆளில்லை. இந்த பஸ்தான் அவளுக்கு ஊரும் உறவும். இதை மட்டும் விடமாட்டாள்.

மறுநாள் காலை மணிக்கயிற்றிலிருந்து ஒரு நீலக் கயிறு அவள் தோள் உயரத்துக்குத் தொங்கியது. அதில் வரிசையாக ஆறு முடிச்சுகள்.

"இதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்ப பரிதாபமா?" அவிழ்த்து அவன் மடியில் எறிந்தாள். "எனக்கு யாரும் எதையும் தாழ்த்திக் கட்ட வேணாம்!"

மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை. மழை மட்டும் பேசிக்கொண்டே இருந்தது... வீட்டில் ஜலஜா தினமும் சுவரில் விரல்களை மேலே நடத்தினாள். எட்டிய இடத்தில் போட்ட பென்சில் கோடு இரண்டு வாரமாக அங்கேயே நின்றது. 'இழுத்துப் பிடித்தால் செய்யுங்க, குத்தினால் நிறுத்துங்க. ஒரே மூச்சில் வேண்டாம், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்க' என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். நாள் முழுக்க அவள் இருப்பதோ பஸ்ஸில்.

நான்காம் நாள் டீக்கடையில் அவன் எதிரே போய் நின்றாள்.

"அந்தக் கயிறு... இருக்கா?"

சட்டைப் பையிலேயே இருந்தது.

"டிப்போவுல உங்களப் பத்திச் சொன்னாங்க. எங்க அக்காவுக்கும் இதே ஆபரேஷன்தான்," என்றான் சுகதன். "பாசத்துல உப்பு ஜாடி, சீப்பு, துணிக்கொடி எல்லாத்தையும் தாழ்வா வெச்சுக் குடுத்தோம். இன்னிக்கு அவங்களால தலை வார முடியல. நாங்க செஞ்ச தப்பு."

"அப்புறம் எனக்கு எதுக்குத் தாழ்த்துனீங்களாம்?"

"ஆறு முடிச்சு எதுக்குன்னு நெனச்சீங்க? வாரம் ஒரு முடிச்சு மேல ஏத்திக் கட்டுவேன். என்னைத் திட்டிக்கிட்டே இழுங்க."

திட்டினாள். இழுத்தாள். குத்தினால் நிறுத்தினாள். திங்கள்தோறும் கயிறு ஒரு முடிச்சு ஏறியது, பின்னாலேயே பென்சில் கோடும் ஏறியது. டிரைவர் கண்ணாடியில் அந்தப் பெரிய கண்கள் அடிக்கடி தட்டுப்பட ஆரம்பித்தன... 'ரோட்டைப் பார்க்காமல் என்ன பார்வை?' என்று நினைப்பாள். பார்க்காத நாளில் அதைவிடக் கோபம் வரும்.

ஆறாவது வாரம் பரிசோதனையில் அவள் கை காதைத் தொட்டுக்கொண்டு நேராக மேலே நின்றது. மறுநாள் புறப்படும் முன் சுகதன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான்.

"இனி எனக்குத்தான் கஷ்டம். திங்கக்கிழமைன்னா உங்க பக்கத்துல நிக்க ஒரு சாக்கு இருந்துச்சு." கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜலஜா... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

 அவளுக்கு ஆசையாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"எனக்கு ஒரு பக்கம் இல்ல. அது திரும்ப வந்தாலும் வரலாம்."

"தெரியும். என் முன்பல் ரெண்டும் கட்டுன பல்லு. அது உங்களுக்குத் தெரியுமா?"

சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டி தவறிப் போய் ஏழு வருஷம் ஆச்சு. பயம்னா என்னன்னு எனக்கும் தெரியும். பயந்துக்கிட்டே சேர்ந்து போலாமே... யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்த மணி அடிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

போய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டான். வண்டியில் ஏழே பேர். ஜலஜா வலது கையைத் தூக்கினாள். ஒரு இழுப்பு. தோள் இழுத்துப் பிடித்தது, குத்தவில்லை. இரண்டாவது இழுப்பு. வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் அந்தக் கண்கள் காத்திருந்தன...

மூன்றாவது மணியும் அடித்தது.

"வண்டியே காலியாக் கெடக்கு, மூணு எதுக்குடி?" லீலாம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "நான் மங்கொம்புல இறங்கணும்!"

"இறங்கலாம் சேச்சி," என்றாள் ஜலஜா, தூக்கிய கையை இறக்காமலே. "அது உங்களுக்கு அடிச்சது இல்ல."